விலகாமல் வினவியவர்கள்

திருச்சபையை நாம் தாய் என்று அழைக்கிறோம். தாயோடு பிணங்கிய பிள்ளை அதனால் பிள்ளை அல்லாமல் போய்விடுவதில்லை. ஆயினும் பொதுநிலையினர் ஒருவர் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ நேர்நின்று ஒரு கேள்வியை எழுப்பிவிட்டால், அவர் விசுவாசம் தளர்ந்தவர் என்று முடிவுகட்டுவோர் நம்மிடையே உண்டு. மனம் புண்பட்டதும், இனி அந்தக் கோவில் வாசற்படியை மிதிப்பதில்லை என்று சூளுரைத்து விலகுவோரும் உண்டு. வாய்மூடிப் பணிவது, இல்லையேல் விட்டு வெளியேறுவது என்னும் இரு வழிகளே கத்தோலிக்கருக்கு உள்ளன என்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அவ்வழியில் நடந்தவர்களைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1745 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குச் சென்ற ஒரு குருவும், அவரோடு பேசியபின் துணிவு பெற்ற தாழ்த்தப்பட்ட கிறித்தவர்களும் அதை நமக்குக் காட்டுகின்றனர்.

கடலோரத்தில் ஒரு சிறு நிலம்

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால், தஞ்சை வளநாட்டின் விளிம்பில் பிரெஞ்சுக்காரர் பெற்ற சிறு நிலப்பகுதி. தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து அது 1739 இல் அவர்கள் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று அதன் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. இப்பழைய வரலாற்றின் சுவடு திருச்சபையின் எல்லைக் கோடுகளிலும் பதிந்துள்ளது. காரைக்காலைச் சூழ்ந்த ஊர்களெல்லாம் மயிலை மறைமாவட்டத்தின்கீழ் இருந்து, 1952 இல் தோன்றிய தஞ்சை மறைமாவட்டத்தைச் சேர்ந்தன. காரைக்காலோ புதுச்சேரியோடேயே நின்று, புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பகுதியாக விளங்குகிறது.

1745 இல் இப்பகுதியில் தமிழ்க் கிறித்தவர்களின் ஆன்மப் பொறுப்பு பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களிடம் இருந்தது. காரைக்காலுக்கு வடக்கே, காலையில் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் நடந்து சேரக்கூடிய தொலைவில், டேனியரின் தரங்கம்பாடி இருந்தது. 1706 முதல் அங்கே லுத்தரன் மறைபரப்பாளர்கள் பணிபுரிந்து வந்தனர். தெற்கே நாகப்பட்டினம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள கடலூரிலும் 1737 முதல் லுத்தரன் மறைபரப்புப் பணி நடைபெற்றது. இவற்றை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையைவிட்டு விலக விரும்பியவர்களுக்கு அன்று வேறு வாயில் இல்லாமல் இல்லை. சபை ஆலயங்களில் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் தரங்கம்பாடியிலும் இருந்தது என்பது உண்மையே. ஆயினும் வெளியேறும் வழி அருகிலேயே திறந்திருந்தது. அந்த வழி திறந்திருந்தும் அவர்கள் நின்றார்கள் என்பதே நாம் கருத்தில் கொள்ளவேண்டியது.

உரோமையின் ஆணையும் ஊர் வழக்கும்

நிகழ்ச்சியின் பின்னணியைச் சற்றே நோக்குவோம். 1703 நவம்பரில் திருத்தந்தை 11 ஆம் கிளமென்டின் தூதராக சார்லஸ் மெயார் தெ துர்னோன் புதுச்சேரியில் வந்திறங்கினார். தமிழ்நாட்டு மறைபரப்புப் பணியில் பின்பற்றப்பட்ட உள்ளூர் வழக்கங்களை ஆராய்ந்து, 1704 இல் ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் வழிபாட்டு முறைகள் பற்றிய நெடிய வழக்கு என்று வரலாற்றாசிரியர் கூறுவது அந்த ஆணையைச் சுற்றி வளர்ந்ததே. தாலியின் வடிவம், திருமணச் சடங்குகள், நெற்றியில் சாம்பல் பூசுதல் போன்றவற்றை அது கண்டித்தது. அவற்றுள் ஒரு விதி நம் சிந்தனைக்கு உரியது. தாழ்த்தப்பட்ட மக்கள் நோயுற்றுக் கிடக்கையில் குருக்கள் அவர்களுடைய வீடுகளுக்கே சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பது அது. உயர்சாதியார் தம்மை வெறுத்து ஒதுக்குவர் என்னும் அச்சத்தால் குருக்கள் பலர் அக்குடிசைகளுக்குள் நுழையத் தயங்கினர். சாகுந்தறுவாயில் கிடந்தவர்களைக் கோவிலுக்கோ வேறோர் இடத்துக்கோ சுமந்துவரச் செய்யும் வழக்கமும் இருந்தது.

அந்த ஆணையை எதிர்த்து இயேசு சபையார் உரோமைக்கு முறையிட்டனர். வழக்கு 40 ஆண்டுகள் நீண்டது. இறுதியில் திருத்தந்தை 14 ஆம் பெனடிக்ட் 1744 செப்டம்பர் 12 அன்று வெளியிட்ட ஆணை மடல் அதனை முடித்துவைத்தது. தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டை அது ஏற்றுக்கொண்டது. ஒரு சிக்கலை அவிழ்க்கப்போய் மற்றொன்றுக்கு இடம் கொடுத்த ஏற்பாடு அது என்றே இன்று நமக்குத் தோன்றுகிறது. நோயாளியின் குடிசைக்குக் குரு சென்றார். ஆனால் அந்தக் குடிசைக்கு என்றே ஒரு குரு, மாளிகைக்கு என்றே ஒரு குரு எனப் பிரிவினை நிலைத்தது. ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் ஒரே கூரையின்கீழ் ஏன் பிரிந்து நிற்க வேண்டும் என்னும் கேள்வி எஞ்சியே நின்றது. ஓராண்டு கழித்து அதனைக் கேட்டவர்கள் மறைநூல் வல்லுநர்கள் அல்லர். மதிலுக்கு அப்பால் நிறுத்தப்பட்ட எளிய மக்கள்.

1745 அக்டோபர்

அந்நாளைய நிகழ்ச்சிகளை நமக்கு எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு தமிழகத்தின் அரிய வரலாற்றுச் செல்வம். அவர் கத்தோலிக்கர் அல்லர், வைணவர். அவருடைய மாமனாகிய நைனியப்ப பிள்ளை சிறைப்பட்டு 1717 இல் மாண்ட வழக்கினால், இயேசு சபையார்மீது அக்குடும்பத்துக்கு மனக்கசப்பும் இருந்தது. இதனை நினைவில் வைத்தே அவர் எழுத்தைப் படிக்க வேண்டும். எனினும் இக்குறிப்பில் அவர் யாருக்காகவும் வழக்காடவில்லை. கண்டும் கேட்டும் அறிந்ததை வியப்போடு எழுதிச் செல்கிறார்.

புதுச்சேரியில் இயேசு சபையாரின் தூய பவுல் ஆலயத்தை மக்கள் சம்பாக் கோவில் என்று அழைத்தனர். 1761 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தகர்த்தபோது அக்கோவிலும் அழிந்தது. இன்றைய அமல அன்னைப் பேராலயம் அதே இடத்தில் 1791 இல் எழுந்தது. பழைய கோவிலின் வடபுறத்தில் ஒரு மதில் இருந்தது. அதன் ஒருபுறம் தாழ்த்தப்பட்டோர். மறுபுறம் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும் கலப்பினத்தாரும். கோவில் கட்டிய நாள்முதல் இவ்வாறே இருந்து வந்தது என்கிறார் பிள்ளை.

காரைக்கால் கோவில் குரு 1745 அக்டோபரில் புதுச்சேரிக்கு வந்தார். அவருடைய தூண்டுதலால் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் ஒன்றுகூடித் தலைமைக் குருவிடம் சென்றனர். அவர்கள் கேட்டதன் சாரம் இதுதான்: நாங்கள் உண்மையாகவே உம்முடைய சீடர்கள் என்றால், எங்களையும் மற்றவர்களையும் ஒரே கண்கொண்டு பார்க்க வேண்டாமா? தம்மை வழிபடுவோரிடம் ஆண்டவர் வேற்றுமை பாராட்டுவதில்லை. அவ்வாறிருக்க, சாதிக் கிறித்தவர்கள் எங்களை ஒதுக்கியதற்கு நீரும் ஏன் உடன்பட்டீர்? அதற்குரிய காரணத்தைச் சொல்ல வேண்டும்.

தலைமைக் குரு அதனைச் செவிமடுத்தார். அவர்கள் கூறுவது நியாயம் என்று கண்டார். மதிலை இடிக்கக் கட்டளையிட்டார். எல்லாரும் தம் பிள்ளைகளே என்றும், விரும்பியவாறு கலந்து வழிபடலாம் என்றும் கூறி அவர்களுக்கு ஆசி வழங்கி அனுப்பினார். அன்று மாலை வழிபாட்டில் எல்லாரும் கலந்து நின்றனர்.

அதே கோவிலில் மற்றொரு பிணக்கு

கதை இத்தோடு முடிந்திருந்தால் நம் நெஞ்சம் குளிர்ந்திருக்கும். வரலாறு அப்படி முடியவில்லை. வழிபாட்டுக்கு வந்த செல்வக் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் மெல்லிய ஆடையையும் அணிகலன்களையும் நறுமணப் பூச்சையும் கண்டு, குரு அவரைப் பலர் அறியக் கடிந்து வெளியே அனுப்பினார். இனி நம் பெண்கள் இவ்வாறு உடுத்தலாகாது, அணியலாகாது என்று விதியும் வகுத்தார். மதில் இடிந்ததில் ஏற்கெனவே கொதித்திருந்த சாதிக் கிறித்தவர்களுக்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. அவர்கள் கோவிலுக்குச் சென்று குருவோடு வாதாடினர். ஒருவர் அவருடைய அங்கியைப் பற்றி இழுக்கும் அளவுக்குச் சினம் மீறியது. பழைய முறை திரும்பும் வரை கோவிலுக்கு வருவதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டனர். குருக்கள் ஆளுநர் துய்ப்ளேக்சிடம் முறையிட, கிறித்தவர்கள் கூட்டம் கூடினால் பிடித்துக்கொண்டு போகும்படி காவலர்களுக்கு அவர் உத்தரவிட்டார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். ஒரே கோவிலில், ஏறத்தாழ ஒரே வேளையில், இரு சாராரும் திருச்சபை அதிகாரத்தோடு முரண்பட்டனர். இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்களே. இருவரும் தம்மை உண்மைக் கத்தோலிக்கர் என்றே கருதினர். சாதிக் கிறித்தவர்களைப் பக்தியற்றவர்கள் என்று நாம் தள்ளிவிடவும் முடியாது. அவர்களுள் தலையாயவர் பெரிய துபாசியாகிய கனகராய முதலியார். தம் ஒரே மகனை இழந்த துயரில், மகன் நினைவாக உழவர்கரையில் புனித அந்திரேயா ஆலயத்தைத் தம் செலவில் எழுப்பியவர் அவர். அந்த ஆலயமும் அதே 1745 இல் நிறைவெய்தியதுதான். ஆலயம் எழுப்பும் ஆர்வமும் ஆலயத்துக்குள் மதில் வேண்டும் என்னும் பிடிவாதமும் ஒரே சமூகத்தில் ஒருங்கே இருந்தன.

அப்படியானால் எது நேரிய முரண்பாடு என்பதை எவ்வாறு தெளிவது? துணிவை மட்டும் அளவுகோலாகக் கொள்ள இயலாது. துணிவு இரு சாராரிடமும் இருந்தது. பக்தியும் அளவுகோல் ஆகாது. அதுவும் இருவரிடமும் இருந்தது. வேறுபாடு அவர்கள் வேண்டியதில் இருக்கிறது. ஒரு சாரார் பிறருக்கு உரிய இடத்தைத் தமக்கும் கேட்டனர். எவரையும் வெளியேற்றச் சொல்லவில்லை. மறு சாரார் பிறர் இருக்கும் இடத்தில் தாம் இருக்க மாட்டோம் என்றனர். முன்னவர்கள் குருவின் சொந்த போதனையையே அவருக்கு எடுத்துக்காட்டிக் காரணம் கேட்டனர். நற்செய்தியே அவர்களுடைய வழக்கின் ஆதாரம். பின்னவர்களுக்கு வழக்கமும் குலப்பெருமையும் ஆதாரம். முன்னவர்கள் கேட்டுவிட்டு அன்று மாலையே வழிபாட்டுக்கு வந்தனர். பின்னவர்கள் வழிபாட்டையே ஆயுதமாக்கினர்.

அதிகாரத்துக்கும் இதில் பாடம் உண்டு. எளியவர்களின் கேள்வியை அமர்ந்து கேட்டபோது குருவின் அதிகாரம் மேய்ப்பரின் அதிகாரமாக ஒளிர்ந்தது. ஒரு பெண்ணைச் சபை நடுவே நாணச் செய்தபோதும், உள்வீட்டுப் பிணக்கைத் தீர்க்க ஆளுநரின் காவலரை நாடியபோதும் அதே அதிகாரம் மங்கிப்போயிற்று. நியாயமான சீர்திருத்தமும் கனிவற்ற கையால் செய்யப்பட்டால் எதிரிகளுக்கு நல்ல காரணத்தை வழங்கிவிடுகிறது.

புனிதர்கள் நடந்த வழி

கேள்வி கேட்பது திருச்சபையின் மரபுக்குப் புறம்பானது என்று எண்ணுவோர் திருத்தூதர் காலத்தையே நோக்கட்டும். பிற இனத்துக் கிறித்தவரோடு உணவருந்தி வந்த பேதுரு, யூதக் கிறித்தவருக்கு அஞ்சி விலகிக்கொண்டபோது, அந்தியோக்கியாவில் பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார் என்று கலாத்தியர் மடல் கூறுகிறது. உடன் அமர்ந்து உண்ணலாமா என்பதே அங்கும் வழக்கு என்பதை மறவாதிருப்போம். பவுல் பேதுருவின் தலைமையை மறுக்கவில்லை. அவரை விட்டு விலகித் தனிச் சபை தொடங்கவுமில்லை. தீர், சீதோன் பகுதியில் இயேசுவைப் பின்தொடர்ந்த கானானியப் பெண்ணும் மறுமொழி கிடைக்காதபோது திரும்பிப் போய்விடவில்லை. அவருடைய விடாப்பிடியை ஆண்டவர் நம்பிக்கை என்றே போற்றினார்.

ஆஸ்திரேலியாவில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டத் துறவற சபை நிறுவிய மேரி மக்கிலப், தம் ஆயருடன் கருத்து மாறுபட்டதால் 1871 இல் சபைவிலக்கம் செய்யப்பட்டார். அவர் ஆயரைத் தூற்றவில்லை. தம் அழைப்பைக் கைவிடவுமில்லை. சில மாதங்களில், 1872 இன் தொடக்கத்தில், மரணப் படுக்கையிலிருந்த அதே ஆயர் அத்தண்டனையை நீக்கினார். 2010 அக்டோபர் 17 அன்று திருத்தந்தை 16 ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். புதுச்சேரியில் கப்ஸ் கோவிலுக்கு எதிரே கடலோரத்தில் சிலையாக நிற்கும் ஜோன் ஆஃப் ஆர்க்கை நம்மில் பலரும் கண்டிருப்போம். ஆயர் ஒருவர் தலைமை தாங்கிய நீதிமன்றம் 1431 இல் அவரைத் தண்டித்தது; 1456 இல் திருச்சபையே அத்தீர்ப்பு செல்லாது என்றது; 1920 இல் அவர் புனிதரானார். தீர்ப்பு திருந்த 25 ஆண்டுகளும், பீடத்தில் இடம்பெற ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளும் ஆயின. விலகாமல் நிற்பவருக்குத் தம் வாழ்நாளில் நியாயம் கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. இக்கசப்பான உண்மையை நாம் மறைக்கலாகாது.

மதில் இடிந்தும் இடியாமலும்

1745 இல் இடிந்த மதிலோடு பிரிவினை மறைந்துவிடவில்லை. சாதிவாரியான இடங்களும் தனித்தனிக் கல்லறைகளும் தமிழகத்தின் பல பங்குகளில் 20 ஆம் நூற்றாண்டிலும் நீடித்தன. வடக்கன்குளத்தில் இரு சாதியாருக்கு இரு கிளைகளாகவே 1872 இல் ஓர் ஆலயம் எழுந்தது. பின்னர், 1910 அளவில் குருக்கள் அதன் பிரிவினைச் சுவரை நீக்கியபோது, பழைய ஏற்பாடு வேண்டும் என்று ஒரு சாரார் நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கையை ஏற்க மறுத்தது. அங்கும் அதிகாரத்தோடு பிணங்கியவர்கள் சுவருக்காகப் பிணங்கினர்.

நம் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப்பங்கும், இறந்தோரைப் பொதுவழியே எடுத்துச்செல்லும் உரிமையும் கேட்டுப் போராடிய வேளையில், 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டு, காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இறந்தோரும் கத்தோலிக்கர், புண்பட்டோரும் கத்தோலிக்கர். 1745 இல் ஒரே கோவிலுக்குள் இடம் கேட்டவர்களின் வழித்தோன்றல்கள், 260 ஆண்டுகளுக்குப் பின் தனிப்பங்கு கேட்கும் நிலைக்கு ஏன் தள்ளப்பட்டனர்? இக்கேள்விக்கு விடை கூறும் கடமை ஆயருக்கும் குருக்களுக்கும் மட்டும் உரியதன்று. அருகில் அமர மறுத்த பொதுநிலையினருக்கும் உரியது.

திருச்சபையின் குரலும் மாறாமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கிறித்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயலும் இருத்தலாகாது எனக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, கர்தினால் பதவி பெற்ற முதல் தலித் ஆயரானார். இவையெல்லாம் மேலிருந்து மட்டும் இறங்கி வந்தவை அல்ல. மதிலுக்கு அப்பால் நின்று தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்டவர்களின் குரல் மெல்ல மெல்ல ஏறிச் சென்றதன் பயன் இது.

நம் கடமை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரைச் செவிமடுப்போராக மட்டும் காணவில்லை. 1983 இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212 ஆம் சட்டம், திருச்சபையின் நலனைப் பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிப்பது இறைமக்களின் உரிமை என்றும், சில வேளைகளில் கடமை என்றும் கூறுகிறது. மரியாதையும் பொதுநலனும் அதற்கு எல்லைகளாக அமைகின்றன. 1745 இல் எழுத்தறியாத மக்கள் தம் உள்ளுணர்வால் செய்ததையே இச்சட்டம் பின்னர் எழுதிவைத்தது எனலாம்.

ஆகவே நம் பங்கில் ஒரு முரண்பாடு எழும்போது சில கேள்விகளை நமக்கு நாமே எழுப்பிக்கொள்வது நலம். நாம் கேட்பது நற்செய்தி தரும் உரிமையா, நம் குடும்பம் இதுவரை துய்த்த முன்னுரிமையா? நாம் வெற்றி பெற்றால் கோவிலில் ஒருவருக்கு இடம் கூடுமா, குறையுமா? கேட்க வேண்டியதை உரியவரிடம் நேரில் கேட்டோமா, திண்ணையில் மட்டும் பேசினோமா? கேட்ட பிறகும் அதே பீடத்தின்முன் மண்டியிட நம்மால் முடிகிறதா? பொறுப்பில் இருப்போர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நம்மிடம் காரணம் கேட்டு வந்தவருக்குக் காரணம் சொன்னோமா?

ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏட்டில் ஆளுநரின் பெயர் உண்டு; துபாசியின் பெயர் உண்டு; மதில் வேண்டும் என்ற செல்வந்தர் பெயர்களும் உண்டு. தலைமைக் குருவின்முன் நின்று காரணம் கேட்ட எவருடைய பெயரும் அதில் இல்லை. அவர்களுள் யார் முதலில் வாய் திறந்தார் என்பதை நாம் அறியோம். அவர்கள் விலகிப் போயிருந்தால் அந்த ஏட்டில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இராது. அவர்கள் நின்றார்கள், கேட்டார்கள், மாலையில் வழிபாட்டுக்கு வந்தார்கள். இன்று நம் கோவிலில் நமக்கு அருகே வந்து அமர்பவர் எவராயினும், சற்றே நகர்ந்து அவருக்கு இடம் தருவதே பெயரற்ற அம்முன்னோருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி.